நாலேகால் மணி நேரத்தில் அங்கே யாரும் போய்ச் சேர முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் போன வாரம் வந்த ஓர் அட்டவணையைப் பற்றி எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும், சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது. இடம் போதாதென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் கேட்டிருக்கும் திருத்தத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பூமியின் வடகோடியில் இருக்கும் விமான நிலையங்களை வைத்து அந்த அட்டவணையைப் போட்டிருந்தீர்கள். கடைசி வரியில் இரண்டு ஊர். ஒன்று அமெரிக்காவின் அலாஸ்காவில் இருக்கும் உட்கியாக்விக், பாரோ என்று 2016 வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஊர், விமான நிலையக் குறியீடு இன்றைக்கும் பிஆர்டபிள்யூ என்றுதான் இருக்கிறது. இன்னொன்று நார்வேக்காரர்களின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கும் லாங்இயர்பியன். தூரம் 3,380 கிலோமீட்டர், பயண நேரம் 4 மணி 15 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். தூரம் சரி. பயண நேரம் தப்பு. அச்சுப் பிழை என்று விட்டுவிடக்கூடிய தப்பும் இல்லை இது, அந்தச் சொல்லே அந்த இடத்தில் வந்திருக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாக ரயில், பஸ், விமான டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்குகிற வரைக்கும் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான், எவ்வளவு ஆகும், எத்தனை மணி நேரம் ஆகும். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது லேசு. இரண்டாவதுக்கு என்ன சொல்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் காரியமே அடங்கியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் அக்கா பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, அவள் அம்மா வேலை முடிந்து வரும் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்து படிப்பாள். அவள்தான் உங்கள் அட்டவணையைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "தாத்தா, இந்த ரெண்டு ஊருக்கும் ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்களேன், எவ்வளவு ஆவுதுன்னு பாப்போம்" என்றாள். சரி, பார்ப்போம் என்று தட்டினேன். நேரடி விமானம் ஒன்றுகூட இல்லை. வந்த வழிகள் எல்லாம் நாலு விமானம், ஐந்து விமானம் மாறிப் போகிற வழிகள், எதை எடுத்தாலும் ஒன்றரை நாளுக்குக் குறையவில்லை. பிள்ளை திரையையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பம் பேப்பர்ல போட்டது?" என்று கேட்டாள். பேப்பரில் வந்தால் அது உண்மை என்று நம்புகிற பிள்ளை. அந்த நம்பிக்கை அவளுக்குக் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

அந்த நாலேகால் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு 3,380-ஐ வகுத்தால் நாலேகாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இணையத்தில் ஊர் பெயர் இரண்டைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் பக்கங்கள் பலவும் இந்த வகுத்தலைத்தான் செய்கின்றன, அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா இல்லையா என்று அவை பார்ப்பதே இல்லை. வகுத்தல் தப்பில்லை. வகுத்து வந்ததற்குப் பயண நேரம் என்று பெயர் வைத்ததுதான் தப்பு. பயணம் என்றால் ஒரு ஆள் போக வேண்டும் அல்லவா?

தூரம் சரி என்று சொன்னேனே, அதை நாங்களே அளந்து பார்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். நனைத்து வைத்திருந்த வாழைநாரில் ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளை முதலில் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளந்தாள். ஒரு மீட்டர் அகலமுள்ள படம். அலாஸ்கா இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, ஸ்வால்பார்ட் நடுவைத் தாண்டி மேலே கிடக்கிறது. நார் ஏறத்தாழ அரை மீட்டர் வந்தது. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர், அது ஒரு மீட்டரில் அடங்கியிருக்கிறது, அப்படியானால் இது 19,000 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்குப் போட்டுவிட்டு, "தாத்தா, இங்ஙனயும் தப்பாப் போட்டிருக்காங்க" என்றாள். அப்புறம் பரண் மேல் கிடந்த பழைய உலக உருண்டையை இறக்கித் துடைத்துக் கொடுத்தேன், பன்னிரண்டு அங்குல உருண்டை. நாரின் ஒரு முனையை அலாஸ்காவின் உச்சியில் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டு மறுமுனையை ஸ்வால்பார்ட் பக்கம் இழுத்தாள். நார் பக்கவாட்டில் போகவே இல்லை. நேராக மேலே ஏறி, உருண்டையைத் தாங்கும் பித்தளைத் திருகாணியை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஸ்கேலில் வைத்துப் பார்த்தோம், எட்டு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 420 கிலோமீட்டர் என்று வைத்தால் 3,360. உங்கள் 3,380-க்கும் எங்கள் வாழைநாருக்கும் வித்தியாசம் இருபது கிலோமீட்டர்தான். "எதுத்த வீடு மாதிரில்லா இருக்கு!" என்றாள்.

எதிர்த்த வீடுதான். உட்கியாக்விக் 71 டிகிரி வடக்கில் துருவத்துக்கு இந்தப் பக்கம், லாங்இயர்பியன் 78 டிகிரி வடக்கில் துருவத்துக்கு அந்தப் பக்கம், நடுவில் உறைந்த கடல். சுவர்ப் படம் ஏன் ஏமாற்றியது என்பதை அவளுக்கு நம்ம ஊர்க் கணக்கில் சொன்னேன். நாம் இருக்கும் அட்சரேகையில் தீர்க்கரேகை ஒரு டிகிரி என்பது 110 கிலோமீட்டர், ஏறத்தாழச் செங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கே போகப் போகக் கோடுகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேருவதற்காக நெருங்கிக்கொண்டே வரும், லாங்இயர்பியனில் அதே ஒரு டிகிரி 23 கிலோமீட்டர்தான், பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி போகிற தூரம். சுவர்ப் படம் அந்த 23-ஐயும் 110 போல இழுத்து விரித்துக் காட்டுகிறது. ஆகத் தூரத்தை நீங்கள் உருண்டைக் கணக்கில் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி, பல இடங்களில் அதையே தப்பாகப் போடுகிறார்கள். சுவர்ப் படத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இதை யாராவது ஒரு தடவை நாரை வைத்துக் காட்டாவிட்டால் புரியவே புரியாது.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆள் உண்மையிலேயே பறந்து போயிருக்கிறார்கள், அந்த நேரமும் பதிவாகி இருக்கிறது. அதை உங்கள் அட்டவணையில் போட்டிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1928 ஏப்ரல் 15-ஆம் தேதி ஆஸ்திரேலியாக்காரரான ஹியூபர்ட் வில்கின்ஸ், அலாஸ்காவில் முதன்முதலாக விமானத்தில் தபால் கொண்டுபோன கார்ல் பென் ஐல்சன், இந்த இரண்டு பேரும் பாரோ முனையிலிருந்து ஒற்றை இன்ஜின் லாக்ஹீட் வேகா விமானத்தில் கிளம்பினார்கள். அதற்கு முந்தின வருஷம் இதே இரண்டு பேர் உறைந்த கடல் மேல் இறங்க வேண்டி வந்து, விமானத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பனிக்கட்டி மேல் பல நாள் நடந்தே கரைக்கு வந்தவர்கள், அந்தக் குளிரில் ஐல்சனுக்கு ஒரு விரல் போயிற்று. அப்படியும் அடுத்த வருஷம் மறுபடியும் கிளம்பினார்கள். சுமார் 3,500 கிலோமீட்டர் பறந்து ஸ்வால்பார்ட் வந்து சேர 20 மணி 20 நிமிடம் ஆயிற்று.

வந்து சேர்ந்தார்கள் என்று நான் எழுதிவிட்டேன், ஆனால் அதுவும் முழுக்கச் சரியில்லை. அவர்கள் போக நினைத்தது கிரீன் ஹார்பர் என்ற இடத்துக்கு, அங்கேதான் நார்வேக்காரர்களின் வானொலி நிலையம் இருந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்தபோது புயல். கண்ணுக்குத் தெரிந்த ஒரு சின்னத் தீவில் இறக்கிவிட்டார்கள், டெட் மேன்ஸ் ஐலண்ட் என்று அதற்குப் பெயர். ஐந்து நாள் அந்தத் தீவிலேயே விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். புயல் அடங்கிய பிறகு, பனியில் ஒட்டிக்கொண்ட விமானத்தை வில்கின்ஸ் இறங்கித் தள்ள, ஒரு வழியாகக் கிளம்பி கிரீன் ஹார்பர் போனார்கள், சில நிமிடப் பறப்புதான். 3,500 கிலோமீட்டருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, கடைசிச் சில கிலோமீட்டருக்கு ஐந்து நாள். இதில் எதைப் பயண நேரம் என்று போடுவீர்கள்? என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு பேரும் அந்த ஐந்து நாளும் வழியில்தான் இருந்தார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதே கடலை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டினார்கள். நார்வேக்காரரான அமுண்ட்சென், அமெரிக்கரான எல்ஸ்வொர்த், இத்தாலிக்காரரான நோபிலே உட்பட பதினாறு பேர் நோர்ஜே என்ற, வாயு நிரப்பிய வான்கப்பலில் 1926 மே 11-ஆம் தேதி ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்ட் என்ற ஊரிலிருந்து கிளம்பி, 12-ஆம் தேதி வட துருவத்தின் மேல் போய், 14-ஆம் தேதி அலாஸ்காவில் இறங்கினார்கள். ஏறத்தாழ 72 மணி நேரம். போக நினைத்தது நோம் என்ற ஊருக்கு, காற்றும் மழையும் விடாமல் டெல்லர் என்ற சின்ன ஊரில் இறங்க வேண்டியதாயிற்று. அந்த வான்கப்பலைக் கட்டி வைத்த இரும்புக் கம்பம் நி-ஆலசுண்டில் இன்றைக்கும் நிற்கிறது.

அது போகட்டும், இன்றைக்கு ஜெட் விமானம் இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, இன்றைக்கு ஒரு ஆள் எப்படிப் போவான் என்று பார்ப்போம். உட்கியாக்விக்கிலிருந்து தெற்கே ஆங்கரேஜுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து இன்னும் தெற்கே சியாட்டில், மூன்றரை மணி நேரம். சியாட்டிலிலிருந்து ஐரோப்பாவின் ஒரு பெரிய நிலையத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம். அங்கே மாறி நார்வேயின் ஆஸ்லோவுக்கு இரண்டு மணி நேரம். ஆஸ்லோவிலிருந்து மறுபடியும் வடக்கே லாங்இயர்பியனுக்கு மூன்று மணி நேரம். கூட்டிப் பாருங்கள், விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமே இருபது மணி நேரத்துக்கு வந்துவிடும். அந்த ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு 1928-இல் ஆன அதே நேரம்! தூரமாகப் பார்த்தால் 14,000 கிலோமீட்டரைத் தாண்டும், எதிர்த்த வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி நாலு தெரு நடக்கிற மாதிரி. இதோடு ஒவ்வொரு நிலையத்திலும் காத்திருப்பது, அடுத்த விமானம் மறுநாள்தான் என்றால் ராத்திரி தங்குவது எல்லாம் சேர்ந்து ஒன்றரை நாள், இரண்டு நாள். ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தமானதுதான், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் ஆஸ்லோவில் பாஸ்போர்ட் சோதனை உண்டு, நம்ம நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இரண்டு முறை உள்ளே நுழைய அனுமதிக்கும் விசா வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வார். என் கடையில் இதை நான் முதலில் சொல்லாமல் டிக்கெட் போட மாட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசு இல்லை. பாபநாசத்தில் படித்துறையில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் பொதிகை மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம். காக்கா பறக்கிற கணக்கில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் யாராவது பாபநாசத்துக்காரரிடம் திருவனந்தபுரம் ஒரு மணி நேரம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை என்று சுற்றிப் போக வேண்டும், நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது, மலைப்பாதையில் லாரி எதிரே வந்தால் நேரம் இன்னும் இழுக்கும். நடுவில் மலை நிற்கிறது, பாதை இல்லை. உட்கியாக்விக்குக்கும் லாங்இயர்பியனுக்கும் நடுவே மலை இல்லை, ஆனால் அந்த வழியாகப் போக ஆள் இல்லை, ஆள் இல்லாததால் விமானம் இல்லை. ஆர்க்டிக்கில் ஆட்கள் கிழக்கும் மேற்குமாகப் போவது குறைவு, எல்லா ஊரும் தெற்கே இருக்கும் தன் தன் நாட்டுப் பெரிய ஊரோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அதை அட்டவணையில் ஒரு வரி எழுதியிருந்தாலே போதும், பிள்ளைகள் பூகோளத்தில் பெரிய ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

துருவத்தின் மேலாக விமானமே போவதில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் நாலு பேர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பெங்களூருக்கு விமானத்தைக் கொண்டுவந்தார்கள், எங்கள் கடையில் அன்றைக்கு அதுதான் பேச்சு. ஆனால் அது ஒரு பெரிய நகரத்திலிருந்து இன்னொரு பெரிய நகரத்துக்கு. துருவத்தின் மேல் போகும் விமானம் ஏதாவது கோளாறு வந்தால் இறங்குவதற்கென்று வடக்கே சில நிலையங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும், அந்தக் குளிரில் வெளியே இறங்கி வேலை பார்க்கத் தனி உடுப்புகள்கூட உள்ளே இருக்கும். எரிபொருள் உறையும் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள், வழக்கமாகப் போடும் ஜெட் ஏ-1 சுழியத்துக்குக் கீழே 47 டிகிரியில் உறையத் தொடங்கிவிடும். காந்த முள்ளும் அந்தப் பக்கம் சரியாக வழி காட்டாது. இவ்வளவையும் பார்த்துப் பார்த்துப் போகிற வழியை ஒரு வகுத்தல் கணக்கில் அடக்க முடியாது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உட்கியாக்விக்குக்கும் லாங்இயர்பியனுக்கும் பத்து மணி நேரம் வித்தியாசம். உட்கியாக்விக்கில் காலை எட்டு மணி என்றால் லாங்இயர்பியனில் மாலை ஆறு மணி. இரண்டு ஊரிலும் கோடையில் பல வாரம் சூரியன் மறைவதே இல்லை, குளிர்காலத்தில் பல வாரம் உதிப்பதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்து மணி சொல்ல முடியாத ஊர்கள். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் கழித்துப் பயண நேரம் சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் துபாய்க்குப் போகிறவர்களிடமே உண்டு, ஒன்றரை மணி நேரம் எங்கே போயிற்று என்று வந்து கேட்பார்கள். பத்து மணி நேரம் என்றால் பிள்ளைகள் குழம்பியே போய்விடுவார்கள்.

அட்டவணையின் நடுவில் ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் நீங்கள் முதலில் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். லாங்இயர்பியன், நி-ஆலசுண்ட், 110 கிலோமீட்டர், 25 நிமிடம். இது நிஜமாகவே விமானம் ஓடுகிற தடம். இரண்டு புரொப்பெல்லர் வைத்த சின்ன டோர்னியர் விமானம், பஸ்ஸில் பாதி ஆள்கூட ஏற முடியாது. நி-ஆலசுண்டில் இறங்குகிற ஓடுபாதை சரளைக்கல் பாதை. ஸ்வால்பார்டில் ஊருக்கு ஊர் சாலை கிடையாது, விமானம் இல்லையென்றால் கப்பல், இல்லையென்றால் பனியில் ஓட்டும் வண்டி. நான் ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அந்த நி-ஆலசுண்டில்தான் நம்ம நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இருக்கிறது. 2008 ஜூலை 1-ஆம் தேதி திறந்தது, வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். 2023 டிசம்பரிலிருந்து, சூரியனே வராத குளிர்காலத்திலும் நம்ம ஆய்வாளர்கள் போய்த் தங்குகிறார்கள். அந்த 25 நிமிட விமானத்தில்தான் அவர்கள் ஏறிப் போக வேண்டும், பனிமூட்டமும் காற்றும் விட்டால் 25 நிமிடம், விடாவிட்டால் லாங்இயர்பியனில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். இறங்கும்போது போனை விமான நிலைக்கு மாற்றிவிட வேண்டும், அப்புறம் அங்கே இருக்கும் வரைக்கும் அப்படியேதான் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நிறுத்தியிருக்கும் வானொலித் தொலைநோக்கிகளுக்கு வைஃபை அலையும் போன் அலையும் இடைஞ்சல். ஆக வந்து சேர்ந்தேன் என்று வீட்டுக்குச் சொல்வதற்குக்கூட வழக்கமான வழி இல்லாத ஊர் அது. என் அக்கா பேத்தி இதைக் கேட்டதிலிருந்து ஹிமாத்ரி ஹிமாத்ரி என்று ஜபித்துக்கொண்டிருக்கிறாள். போகட்டும், போகிற நாள் வரும்போது டிக்கெட்டை நானே போட்டுத் தருவேன்.

இனிமேல் சொல்லப்போவது ஆர்க்டிக் இல்லை. ஆனால் இதைச் சொன்னால்தான் ஒரு சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எட்டு வருஷம் முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து போன். வாடிக்கையாக என்னிடம் டிக்கெட் எடுக்கும் குடும்பம். அம்மா தவறிவிட்டார், மூத்த மகன் ஷார்ஜா பக்கம் வேலையில் இருக்கிறான். தம்பிக்காரன் அழுகையை அடக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, அண்ணன் வர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்டான். நான் படுக்கையில் இருந்து எழுந்த தூக்கக் கலக்கத்தில், "ஷார்ஜாவுல இருந்து திருவனந்தபுரம் நாலு மணி நேரம்தான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, விமானம் நாலு மணி நேரம்தான் பறக்கும். அவர்கள் அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் மகன் வந்துவிடுவான், சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். குளிர்பெட்டி வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

அவன் இருந்தது ஷார்ஜா ஊருக்குள் இல்லை, வெகு தூரத்தில் வேலை நடக்கிற இடத்தில். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருந்தது, ஆபீஸ் திறக்க ஒன்பது மணி ஆயிற்று, கையெழுத்துப் போட வேண்டியவர் வர மத்தியானம் ஆயிற்று. அதற்குப் பிறகு கிளம்பி விமான நிலையம் வந்து, ராத்திரி விமானத்தில்தான் ஒரு இடம் கிடைத்தது. விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, வரிசையில் நின்று வெளியே வந்து, கார் பிடித்து நாகர்கோவில் வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை பத்தரை மணி. நான் தம்பியிடம் நாலு மணி நேரம் என்று சொல்லி இருபத்தொன்பது மணி நேரம் கழிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே, இனி வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லி எடுத்துவிட்டார்கள். அவன் வந்து காரை விட்டு இறங்கியபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

பதினாறாம் நாள் முடிந்து திரும்பிப் போக டிக்கெட் எடுக்க அவனே என் கடைக்கு வந்தான். கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்துவிட்டு, "நீங்க நாலு மணி நேரம்னு சொல்லாம இருந்திருந்தா ஐஸ் பெட்டி வச்சிருப்பாங்க அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு இன்றைக்கும் அந்த டீ டம்ளரில் ஆடை படிந்தது கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து என் கடையில் யார் கேட்டாலும் பறக்கும் நேரத்தைத் தனியாகச் சொல்ல மாட்டேன். எந்த ஊரில், எந்தத் தெருவில் இருந்து கிளம்புகிறார், எந்த வீட்டுப் படியில் போய் ஏறப்போகிறார் என்று கேட்டு அந்தக் கணக்கைச் சொல்வேன், டிக்கெட் தாளில் சிவப்பு மையில் எழுதியும் கொடுப்பேன். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பாளையங்கோட்டை வீட்டிலிருந்து தாம்பரம் வீட்டுக்கு என்று பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, அதையும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

ஆர்க்டிக்குக்கு இங்கிருந்து யார் போகப் போகிறார்கள், இதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். போகப் போகிறவர்கள் குறைவுதான். ஆனால் அந்த அட்டவணையைப் படிக்கிற பிள்ளைகள் தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் என்று மனசில் போட்டுக்கொள்வார்கள், நாளைக்கு வீட்டில் ஒரு அவசரம் என்றால் அதே கணக்கைத்தான் போனில் சொல்வார்கள். நான் அன்றைக்குச் சொன்ன மாதிரி.

அதனால் என் கோரிக்கை இதுதான். பயண நேரம் என்று இருக்கும் அந்தத் தலைப்பைப் பறக்கும் நேரம் என்று மாற்றி, கணக்கில் வந்தது என்று பக்கத்தில் போடுங்கள். நேரடி விமானம் இல்லாத வரிகளில் இல்லை என்று எழுதுங்கள். போய்ச் சேரும் நேரம் என்று இன்னொரு கட்டம் சேர்த்து, எத்தனை விமானம் மாற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், தகவல் திரட்ட ஆள் வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன், அதற்குக் காசு ஒன்றும் வேண்டாம். உட்கியாக்விக் வரிக்குக் கீழே 1928-இல் ஆன 20 மணி 20 நிமிடத்தையும் அந்த ஐந்து நாளையும் ஒரு சின்னக் குறிப்பாகப் போட்டால் ரொம்ப நல்லது. முடிந்தால் உலக உருண்டையில் நாரையோ நூலையோ வைத்து அளந்து பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். உருண்டை வீட்டில் இல்லாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும், பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் அலமாரிக்குள் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

என் அக்கா பேத்தி உங்கள் அட்டவணையைப் பூகோள நோட்டில் ஒட்டி, அந்த வரியைப் பென்சிலால் சுழித்து, திருத்தம் வந்தால் ஒட்டுவதற்காகக் கீழே நாலு விரற்கடை இடம் விட்டு வைத்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை இணைப்பைப் பிரித்துப் பார்க்கக் காலையிலேயே கடைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
டிக்கெட் பதிவுக் கடைக்காரர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.